காய்ச்சல் கொண்டுபோன முடி

கிம்லெங் துடுப்பை மடியில் போட்டுவிட்டு, நாக்கை நீட்டி, இரண்டு விரலால் எதையோ பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு முடி. முப்பத்திரண்டு பேர் ஒரே மூச்சில் துடுப்புப் போட வேண்டிய நடு ஆற்றில் அவள் ஒருத்தி நிறுத்தியதும், பின்னால் இருந்தவளின் துடுப்பு வந்து இடித்தது. அதற்கும் பின்னால் இருந்தவள் கெட்ட வார்த்தை சொன்னாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீரோட்டத்தில் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

“அக்கா, உன் முடிதான் இது. நேத்தும் ஒண்ணு முழுங்கினேன். இனிமே வீட்டுல காலைச் சாப்பாடே வேணாம்போல, இங்கயே வயிறு நிறைஞ்சிடுது.”

படகு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டு வருடமாக எங்கள் ஊர்ப் பெண்கள் படகின் முனையில் நிற்பவள் நான். துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்தபடி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, காலால் பலகையைத் தட்டி நேரம் சொல்ல வேண்டும். நான் தட்டுகிற தட்டில்தான் முப்பத்திரண்டு துடுப்பும் தண்ணீரில் இறங்கும். வடக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. என் தலையிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அந்தக் காற்றில் பறந்து நேராக அவர்கள் முகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. முன் வரிசைப் பெண்கள் கன்னத்தைத் துடைப்பதும் கண்ணைக் கசக்குவதுமாக இருந்ததை, வியர்வை என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நீர்த் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நான்கு வருடம் கழித்து இந்த முறைதான் எங்கள் படகு போட்டிக்காகத் தலைநகர் நோம்பென் போகிறது.

மழைக்காலத்தின் நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல். ஏழு நாள் மாகாண மருத்துவமனையில் கிடந்தேன். இரண்டு கையிலும் ஊசி குத்த இடமில்லாமல், கடைசியில் பாதத்தில் குத்தி மருந்து ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. நான் வீட்டுக்கு வந்தேன். வந்த பத்தாம் நாள் அடுப்பு மூட்டினேன். இருபதாம் நாள் வயலில் இறங்கினேன். பிறகு அந்தக் காய்ச்சலை மறந்தும் போனேன். முன்னோருக்குச் சோறு படைக்கும் பதினைந்து நாளும் முடிந்த மறுவாரம், காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு காலையில் சீப்பை எடுத்துத் தலையில் வைத்து இழுத்தேன். சீப்போடு ஒரு பிடி வந்தது. வலியே இல்லை. அழுகிய வைக்கோலை உருவினால் எப்படி வருமோ அப்படி வந்தது.

அதன் பிறகு எங்கு பார்த்தாலும் என் முடிதான். தலையணையில், சட்டைக் கழுத்தில், மண் ஜாடியில் தண்ணீர் மொண்டு ஊற்றினால் காலடியில் சுருள் சுருளாக. எங்கள் வீடு கால் நட்டு உயர்த்திக் கட்டியது. தரைப் பலகை இடுக்குகள் வழியாக முடி கீழே விழுந்தது. கீழே கோழிகள் மேயும். ஒரு நாள் ஒரு குஞ்சு நடக்க முடியாமல் கத்திக்கொண்டே கிடந்தது. தூக்கிப் பார்த்தால் இரண்டு காலையும் சேர்த்து என் முடி சுற்றி இறுக்கியிருந்தது. கத்தரியின் நுனியால் அதை அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. விட்டதும் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போயிற்று.

காலையில் நான் அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் விற்கிறேன். சாப்பாட்டில் முடி கிடந்தால் அதோடு கடை முடிந்தது. தலையில் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழம்பைக் கலக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். அப்படியும் ஒருநாள் தச்சர் ஒருவர் கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தார். எதையோ எடுத்து மேசைக்கு அடியில் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே நோயாளிகளைப் பார்க்கும் பிசேத் என்னைவிடப் பத்து வயது சின்னவன். தலையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டான்.

“மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துதாக்கா?”

“வந்துது. உனக்கு யார் சொன்னா?”

“உங்க தலைதான் சொல்லுது.” ஒரு கொத்தை விரலில் சுற்றி மெல்ல இழுத்தான். ஏழெட்டு முடி வந்தது. அதன் அடியை வெளிச்சத்தில் காட்டினான். ஊசி முனையளவு வெள்ளையாக ஒரு புள்ளி. “உடம்பு உயிருக்குப் போராடும்போது முடிய யார் கவனிப்பா? அப்பவே அதுங்களுக்கு வேலை நின்னுபோச்சு. ஆனா இடத்தைக் காலி பண்ண மூணு மாசம் ஆகும். இப்ப காலி பண்ணுது. அடியில புதுசு கிளம்பிட்டுதான் இருக்கு.”

“எப்ப நிக்கும்?”

“இன்னும் ரெண்டு மூணு மாசம் கொட்டலாம். அப்புறம் தானா நிக்கும். சித்திரைப் புத்தாண்டுக்குக் குட்டையா முளைச்சு நிக்கும் பாருங்க. நல்லா சாப்பிடுங்க. கண்ட எண்ணெய்க்குக் காசு கொடுக்காதீங்க.”

நான் அவன் சொன்னதை நம்பினேன். இதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. செத்துப் பிழைத்த உடம்பு எதையாவது கொடுத்துவிட்டுத்தானே வர வேண்டும். முடியைக் கொடுத்துவிட்டு வந்தது நல்ல பேரம் என்றுதான் தோன்றியது. ஆனால் நான் நம்பினால் போதுமா? ஊர் நம்பவில்லை. “காய்ச்சல் போய் மூணு மாசம் ஆச்சு, முடி இப்பதான் கொட்டுதாம். இது என்ன கதை?” என்று சந்தையில் என் காதுபடவே பேசினார்கள்.

படகில்தான் அந்தப் பேச்சு பெரிதாக வளர்ந்தது. எங்கள் படகுக்கு ஒரு அம்மா உண்டு. படகு செதுக்கிய மரத்திலேயே குடியிருந்து படகோடு வந்தவள். முனையில் தீட்டியிருக்கும் இரண்டு கண்ணும் அவளுடையது. படகை நீரில் இறக்கும் முன் அவளுக்கு வாழைப்பழமும் பன்றித் தலையும் வைத்து ஊதுவத்தி ஏற்றாமல் யாரும் காலெடுத்து வைக்க மாட்டோம். ஐந்தாவது வரிசையில் துடுப்புப் போடும் சரோம் அத்தை, அக்கரையில் சாமியாடுகிற ஒருத்தியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். படகு அம்மாவுக்கு முனையில் நிற்பவள்மேல் கோபம், முதலில் அவள் முடியை எடுக்கிறாள், அடுத்து துடுப்புக்காரிகளில் ஒரு ஆளை எடுப்பாள் என்று பதில் வந்ததாம். மறுநாள் பயிற்சிக்கு ஐந்து பேர் வரவில்லை.

படகுக் குழுத் தலைவர் போரின் மாமா என் கடைக்கு வந்து, சாப்பிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“தாவ்ரி, நான் இதையெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா ஆள் வேணும்ல? இந்த வருஷம் ரச்சனா நிக்கட்டுமே முனையில. சின்னப் பொண்ணு, இடுப்பு வரைக்கும் முடி. டிவிலயும் காட்டுவாங்க.”

“டிவில தலையை மட்டும்தான் காட்டுவாங்களா மாமா? படகு முன்னாடி வருதா பின்னாடி வருதான்னு காட்ட மாட்டாங்களா?”

“கோபப்படாதம்மா.”

“கோபம் இல்ல. ரச்சனாவுக்கு நேரம் சொல்லத் தெரியுமா? எதிர்க்காத்து அடிக்கும்போது எப்ப இழுத்துப் பிடிக்கணும், எப்ப விட்டுக் கொடுக்கணும்னு தெரியுமா? அவளுக்கே தெரியாதுன்னு அவளே சொல்லுவா. நாலு நாள் கொடுங்க. அஞ்சு பேரையும் நான் கொண்டுவரேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. அன்று பகல் முழுக்க யோசித்தேன். கிண்ணம் கழுவும்போது கழுவு நீரில் மிதந்த முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அது தோன்றியது. சாமிக்குக் கோபமோ இல்லையோ, அந்த ஐந்து பேரும் தினமும் என் முடியை வாயில் வாங்கினார்கள். ஒரு நோயாளியின் முடி வாயில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் பயம் வராது? தலையில் முடியே இல்லாவிட்டால் பறக்க என்ன இருக்கிறது?

வீட்டில் என் அம்மாவிடம் சொன்னதும் அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாள்.

“மொட்டையா? ஏண்டி, நான் செத்துட்டேனா?”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மொட்டை அடித்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, விகாரையில் துறவியாக வெள்ளை உடுத்தி உட்கார்ந்துவிட்டாள். இல்லையென்றால் பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார். என் அப்பா போனபோது நானும் எடுத்திருக்கிறேன். அது பத்தொன்பது வருடத்துக்கு முன், எனக்குக் கல்யாணம் ஆகாத காலம்.

“ஊர்ல எல்லாரும் எனக்குச் சாவுச் சோறு எப்பன்னு கேக்கப்போறாங்க. உயிரோட இருக்கும்போதே என்னைத் தூக்கிட்டுப் போறியா?”

“காய்ச்சலுக்காகம்மா. யாராவது கேட்டா நீயே முன்னாடி வந்து நின்னு, உயிரோட இருக்கேன்னு காட்டு.”

“காட்டத்தான் போறேன். ஒவ்வொரு வீடா ஏறிக் காட்டப்போறேன்.”

அவள் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். என் கணவர் வுத்தி சவரக்கத்தியைக் கல்லில் தீட்டினார். அதிகம் பேசாத மனிதர். மிச்சமிருந்த முடியை முதலில் ஒரு கட்டாகப் பிடித்து அறுத்து என் மடியில் வைத்தார். ஒரு காலத்தில் என் கைக்குள் அடங்காத முடி. இப்போது சுண்டுவிரல் தடிமன்தான். அதை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போயிற்று. காதுக்குப் பின்னால் வந்ததும் நின்றது.

“என்ன, வெட்டிட்டீங்களா?”

“இல்ல. இங்க ஒரு மச்சம் இருக்கு. பதினாறு வருஷமா எனக்குத் தெரியாது.”

கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி சிரைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மதியம் பயிற்சி நேரத்துக்கு விகாரைக்குப் போனேன். ஊர்ப் படகு அங்கே உள்ள கொட்டகையில்தான் இருக்கும். அறுத்த முடியை வாழையிலையில் சுற்றி, பழமும் ஊதுவத்தியும் வைத்து, படகின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கும்பிட்டேன். நான் மனதார நம்பித்தான் கும்பிட்டேனா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. எட்டு வருடம் என்னைத் தாங்கிய படகு. கும்பிடுவதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எழுந்து திரும்பினால் துடுப்புக்காரிகள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வராத ஐந்து பேரும், என்ன செய்கிறேன் என்று பார்க்கவாவது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

“சரோம் அத்தை, படகு அம்மாவுக்கு என் முடி வேணும்னு சொன்னீங்கல்ல. இந்தாங்க, முழுசாக் கொடுத்துட்டேன். இனி என்கிட்ட எடுக்க ஒண்ணும் இல்ல. வேற யாரையாவது கேட்டா, என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. எட்டு வருஷமா முனையில நிக்கிறேன், முதல்ல என்னைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும்.”

சரோம் அத்தை என் தலையையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுல ஒரு நல்லது இருக்கு,” என்றாள் கிம்லெங். “வெயில் அடிச்சா அக்கா தலை மின்னும். எதிர்ப் படகுக்காரிங்களுக்குக் கண்ணு கூசும்.”

முதலில் சிரித்தது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்திதான். மூன்று பேர் உள்ளே வந்தார்கள். சரோம் அத்தையும் இன்னொருத்தியும் வரவில்லை. அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, பயம் அவரவருடையது. அந்த இரண்டு இடத்தில் ஒன்றுக்கு ரச்சனா தானாகவே துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “முனையில நின்னா எனக்குத் தலை சுத்தும்க்கா, மாமாகிட்ட சொல்லப் பயமா இருந்துது,” என்றாள். இன்னொரு இடத்துக்கு போரின் மாமா தன் மருமகளையே அனுப்பினார். அன்று நாங்கள் அக்கரை வரை போய்த் திரும்பினோம். ஒருத்தியும் துடுப்பை நிறுத்தவில்லை. மொட்டைத் தலையில் காற்று படுவது எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். நேரத்தைத் தலையின் தோலாலேயே கேட்பது போல இருந்தது.

திருவிழாவுக்கு நோம்பென் போனபோது அம்மாவும் கூடவே கிளம்பிவிட்டாள். அவள் இல்லாமல் நான் போனால் தன்னைச் செத்தவளாக்கிவிடுவார்கள் என்று அவளுக்கு உறுதி. மூன்று நாளும் அவளுக்கு அதுதான் வேலை. ஆற்றங்கரையில் யாராவது என் தலையைப் பார்த்துவிட்டு இரக்கமாக ஒரு பார்வை பார்த்தால் போதும், எங்கிருந்தாவது வந்து நடுவில் நிற்பாள். “நான்தான் இவ அம்மா. பாருங்க, நல்லா இருக்கேன். ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன். இது காய்ச்சலால.” தண்ணீர் விற்கிறவள், போலீஸ்காரர், வேறு ஊர்க் குழுக்கள், யாரையும் விடவில்லை. எங்கள் படகை மூன்றாம் நாள் வரை எல்லோரும் மொட்டையக்கா படகு என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் இரண்டு படகுகளை முந்தினோம், இரண்டாம் நாள் ஒன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தோம். முனையில் நின்று நான் பலகையைத் தட்டும்போது கரையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படகு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, எங்கள் கடைசிப் போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கரைப் படிக்கட்டில் நிழலாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். அவள் தலையும் மொட்டை. என்னுடையதைவிடப் புதியது, இரண்டு இடத்தில் கத்தி பட்ட கீறல் இன்னும் காய்ந்து உதிரவில்லை. மேற்கிலிருந்து வந்த படகு அவர்களுடையது. பெயர் கன்னிதா என்றாள்.

“உங்களுக்கு எதனாலக்கா?” என்று கேட்டாள்.

மூன்று நாளாக இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகியிருந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“காய்ச்சல்.”

அவள் தலையை ஆட்டினாள். “எங்கம்மாவுக்கும் காய்ச்சல்தான். கொசுக் காய்ச்சல். அஞ்சே நாள். இன்னையோட பதினெட்டு நாளாச்சு. வர மாட்டேன்னுதான் சொன்னேன், எங்க படகுல மாத்து ஆள் இல்ல.”

ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் பதில் வைத்திருந்தவள் நான். அந்தப் பாதத்து ஊசியும், மாறிக்கொண்டே இருந்த பக்கத்துக் கட்டிலும் மட்டும்தான் கண்முன் வந்தது.

அப்போது அம்மா படியேறி வந்தாள், கையில் சுட்ட சோளம். எங்கள் இரண்டு தலையையும் பார்த்தாள். அவள் மார்பை நிமிர்த்திக்கொண்டதைப் பார்த்தேன். இதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று எனக்கு உடம்பு கூசியது. ஆனால் கன்னிதா நிமிர்ந்து, “வாங்க பெரியம்மா, உக்காருங்க” என்று நகர்ந்து இடம் விட்டாள். அவள் கண் இமை ஈரமாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

சோளத்தை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினாள்.

“சாப்பிடும்மா. வெறும் வயித்துல துடுப்புப் போடக் கூடாது.”

கன்னிதா வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா மறு துண்டை எனக்குக் கொடுக்கவில்லை, தானும் தின்னவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் இடது கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. மொட்டை அடித்து மூன்று வாரத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரல் முன்னும் பின்னும் போயிற்று. முளைத்துக்கொண்டிருந்த முடி அவள் உள்ளங்கையில் சொரசொரத்த சத்தம் எனக்கே கேட்டது.

ஒலிபெருக்கி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. அடுத்து எங்களோடு மோதும் படகின் பெயரைச் சொன்னது. கன்னிதா சோளத்தின் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மஞ்சள் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “நாங்கதான்க்கா” என்றாள்.

புறப்படும் இடத்தில் இரண்டு படகும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நீரோட்டம் இழுத்துக்கொண்டே இருந்ததால் துடுப்புகளை எதிர்ப்பக்கம் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தோம். முனையில் ஏறி நின்று பலகையில் காலை ஊன்றினேன். அந்தப் படகில் நனைந்த கறுப்புத் தலைகளின் வரிசையில், ஏழாவதாக ஒரு வெளிறிய தலை, வெயிலில். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு அம்மா தண்ணீர் ஓரம் வரை இறங்கி வந்திருந்தாள். பாதித் துண்டு சோளத்தை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்திக்கொண்டிருந்தாள். எங்கள் படகைப் பார்த்துக் கத்துகிறாளா அந்தப் படகைப் பார்த்துக் கத்துகிறாளா என்று, அவ்வளவு தூரத்திலிருந்து, அந்த இரைச்சலில், எனக்குத் தெரியவில்லை.